யாராவது கத்துகிறார்களா

எந்த சர்வர் கம்ப்யூட்டர் யாருக்காக ஓடுகிறது என்று தெரியவில்லையா, அணைத்துவிடு. யாராவது கத்திக்கொண்டு வந்தால் திரும்பப் போடு. வராவிட்டால் அது தண்டம். வெளியாட்களுக்கு சர்வர் ஓட்டித் தரும் அந்த அலுவலகத்து வழக்கம் அதுதான்.

மின்சாரச் சிக்கனப் பொறுப்பைப் புதிதாக ஏற்றவளுக்கும் இது பிடிக்கத்தான் செய்தது. வலைப்பக்கங்களில் யானைக் கனம் கனத்த படங்களை இளைக்கவைத்தாள். 'புதுசா ஏதாவது உண்டா?' என்று நொடிக்கு நொடி சர்வரை நச்சரித்த செயலியை அடக்கி உட்காரவைத்தாள். மிஞ்சியது ஒரு கிழட்டு சர்வர். அதை அமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எப்போதாவது ஒரு மெசேஜ் அனுப்பும், மற்ற நேரமெல்லாம் ஈ ஓட்டும். கரண்ட்டை மட்டும் இரவு பகலாகக் குடிக்கும்; அதன் சூட்டைத் தணிக்க ஏசி வேறு. வயிறு எரியாதா? அணைத்துவிட்டாள்.

ஒருவரும் கத்தவில்லை. அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு நடுவில் போனை எடுப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள்.

"யாரும் உன்னைத் திட்டலைன்னு இவ்வளவு வருத்தமா?" என்று கணவன் சிரித்தான்.

"அந்த மெசேஜ் யாருக்குப் போச்சுன்னு தெரியலையே."

மேலாளரோ, "தேவைப்பட்டா கேட்டிருப்பாங்கம்மா, விடு" என்று கை குலுக்கிவிட்டுப் போனார். பேச்சு நியாயம்தான், மனசுதான் கேட்கவில்லை. மறுநாள் மதியம் அந்த சர்வரின் பழைய நிரலைத் தோண்டி எடுத்துப் படித்தாள். ஏதோ ஒரு ஃப்ரீசரைக் கண்காணிக்கும் நிரல். குளிர் குறைந்தால் மட்டும் ஒரு எண்ணுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது. சும்மா இருப்பதுதான் அதன் வேலையே.

ஓடிப்போய் சர்வரைப் போட்டுவிட்டு அந்த எண்ணை அழைத்தாள்.

"ஆஸ்பத்திரி தாய்ப்பால் வங்கிங்க. நர்ஸ் பேசறேன்."

"உங்க ஃப்ரீசர்லேருந்து மெசேஜ் ஏதாவது வருதாங்க?"

"அதுவா? முன்னெல்லாம் கதவு சரியா சாத்தலைன்னா உடனே போன்ல வந்து நிக்கும். இப்போ ரொம்ப சமத்து, வர்றதே இல்ல." நர்ஸ் சட்டென்று நிறுத்தினாள். "இருங்க. இப்போ ஒண்ணு வருது."

படி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவு. பிறகு பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிபட்டன.

"எல்லாம் உருகிப்போய்க் கெடக்குங்க. கதவுல ஒரு விரல் இடைவெளி. எத்தனை நாளா இருக்கோ தெரியல."

"அந்த மெசேஜ் வராம அணைச்சது நான்தாங்க" என்றாள்.

நர்ஸ் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவளுக்கு அதற்குக்கூட நேரமில்லை.

"சரிம்மா, போனை வைங்க. மேல எடுத்து வச்சிருந்த பால் காலையிலேயே தீந்துடுச்சு. குறைமாசக் குழந்தைங்க எழுந்திரிக்கறதுக்குள்ள, எந்த அம்மாவுக்குப் பால் கூடுதலா இருக்குன்னு கட்டில் கட்டிலா போய்க் கேக்கணும்."