கௌஸ் பாஷாவின் வடக்கு

ஓசூர் தொழிற்சாலை ஒன்றின் டூல்ரூமில் கௌஸ் பாஷா லேத்தில் கடைந்து கொடுத்த ஜாபை, அதாவது உதிரிபாகத்தை, யாரும் அளந்து பார்ப்பதில்லை. அவர் கையே மைக்ரோமீட்டர் என்று பேச்சு. அப்பேர்ப்பட்ட மனுஷன் வடக்கைக் கோட்டை விட்ட கதை இது.

1997 ஏப்ரல். வடமேற்கில் வால் நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. மஃரிப் தொழுகை முடிந்து இருட்டியதும் தலைகாட்டும். இரவுத் தொழுகையான இஷா முடிவதற்குள் இறங்கிவிடும். அதைப் படம் பிடிக்க பாஷாவுக்கு ஆசை. பல நிமிடம் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். வானம் நகரும் வேகத்திலேயே கேமராவும் திரும்பினால்தான் நட்சத்திரங்கள் கோடாக இழுபடாமல் புள்ளியாக விழும். அதற்காக மேனேஜரிடம் கேட்டு வாங்கிய கழிவு இரும்பில் டெலஸ்கோப்புக்கும் கேமராவுக்கும் சேர்த்து மோட்டார் வைத்த ஸ்டாண்டு ஒன்றைச் செய்துவிட்டார். அதன் அச்சு வானத்தின் வட துருவத்தை நேராகப் பார்க்க வேண்டும். ஓசூருக்கு உண்டான சாய்வு பன்னிரண்டே முக்கால் டிகிரி. அதை மயிரிழை பிசகாமல் வைத்தார்.

ஸ்டாண்டைத் தன் வீட்டு மொட்டை மாடியில் நிறுத்தினார். திசைதான் பாக்கி. துருவ நட்சத்திரத்தைப் பக்கத்து வீட்டு வெங்கடசாமியின் புது மாடி மறைத்தது. மொட்டை மாடித் தளம் முழுக்கக் கம்பி, அதனால் காம்பஸையும் நம்ப முடியாது. பள்ளிவாசல் கண்ணெதிரே இருக்கும்போது என்ன கவலை? மேற்கே பார்த்துத்தானே தொழுகிறோம்! பள்ளியின் சுவரை வைத்து மேற்கைப் பிடித்தார், அதற்குச் செங்குத்தாக வடக்கைப் பிடித்தார். அன்றிரவே வால் நட்சத்திரத்தைப் படமும் எடுத்தார்.

ஸ்டுடியோவிலிருந்து வந்த படங்களை கேன்டீனில் முதலில் பிடுங்கிப் பார்த்தவன் டூல்ரூமில் கூட வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரன் தங்கதுரை.

"என்ன வே பாஷா! ஊருக்கெல்லாம் ஒரு வால் நட்சத்திரம். ஒமக்கு மட்டும் எல்லா நட்சத்திரத்துக்கும் வால் மொளச்சிருக்கே!"

கேன்டீனே சிரித்தது. பாஷாவுக்குக் காது சிவந்தது.

"திங்கக்கெழம புள்ளி புள்ளியா கொண்டாந்து காட்றேன். இல்லீனா இனிமே என் ஜாப்பையெல்லாம் நீயே அளந்து பாத்துக்க."

சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டார். கையில் ஒரே ஒரு ஃபிலிம் ரோல். நாலைந்து நாளில் நிலா வளர்ந்து வானத்தை வெளுத்துவிடும். அந்த வால் நட்சத்திரமோ இனி ஈராயிரம் வருஷத்துக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

அன்று வேலை முடிந்து வந்ததும் பல்சக்கரத்தைக் கழற்றி மாட்டினார், மோட்டாரைத் திட்டினார். ஒரு குறையும் அகப்படவில்லை. காயப்போட்ட மிளகாயை அள்ள மாடிக்கு வந்த அவர் மனைவி ஃபகருன்னிசா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏங்க, வடக்க எத வெச்சுப் பாத்தீங்க?"

"பள்ளிய வெச்சுதான். தொழுறது மேக்கதான?"

"உங்க ஊரு சிங்காரப்பேட்டப் பழைய பள்ளி மேக்க பாக்கும். இது புதுசுங்க. மக்கா நேர் மேக்கயா இருக்குது? சோத்தாங்கைப் பக்கம் தள்ளியில்ல இருக்குது! தொழ வெக்கிற ஹஜ்ரத்து கணக்குப் போட்டு அஸ்திவாரத்தையே திருப்பி வெச்சாரு. எங்கத்தா, உங்க மாமனாருதான் கயிறு புடிச்சாரு. அங்க பாருங்க, சூரியன் எங்க எறங்குது, பள்ளி எங்க பாக்குது!"

பள்ளி பார்க்கும் திசைக்கு நன்றாக இடப்பக்கம் தள்ளி சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பாஷா தலையில் அடித்துக்கொண்டார்.

"பள்ளி மேல தப்பில்லீங்க. அது மக்காவக் காட்டுது. நீங்கதான் அதப் போயி வடக்கக் காட்டச் சொன்னீங்க," என்று சொல்லிச் சிரித்தாள் அவள்.

ஸ்டாண்டை இருபது டிகிரி போல இடப்பக்கம் திருப்பினார். ஆனால் 'போல' என்ற சொல் பாஷாவுக்கு ஆகாது. லேத்தில் மாட்டிய ஜாப் நடுவில் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தா சொல்வார்கள்? டயல் கேஜை வைத்துச் சுற்றி, முள் ஓடும் பக்கத்தைப் பார்த்துத் தட்டுவார்கள். வானத்துக்கு முள் எது? நட்சத்திரம்தான், வேறென்ன!

இருட்டியதும் உச்சிக்குச் சற்றுத் தெற்கே இருந்த ஒரு நட்சத்திரத்தை, டெலஸ்கோப்புக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய செம்புக் கம்பிகளின் நடுவில் நிறுத்தினார். அச்சு சரியென்றால் மோட்டார் ஓட ஓட அது அங்கேயே நிற்கும். ஃபகருன்னிசா கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொன்னாள். இரண்டாவது நிமிடமே அது தெற்கே நழுவியது. அச்சை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருகினார். நழுவல் குறைந்தது. மறுபடி திருகினார்; இப்போது வடக்கே நழுவியது. அதில் பாதியைத் திரும்ப விட்டார்.

"பத்து நிமிசம் ஆயிடுச்சு."

"நகரல, ஃபகரு! ஆணி அடிச்சாப்ல நிக்குது!"

மறுநாள் இருட்டியதும் அந்த ஒரே ரோலை வால் நட்சத்திரத்துக்கே செலவழித்தார்.

திங்கட்கிழமை கேன்டீனில் படத்தை மேசைமேல் வைத்தார். தங்கதுரை டூல்ரூமிலிருந்து லென்ஸை எடுத்து வந்து, மூலைக்கு மூலை தேடினான். ஒரு நட்சத்திரம் இழுபட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டான். டீ ஆறியது. கடைசியில் லென்ஸைக் கீழே வைத்தான்.

"வால் ஒண்ணுக்குத்தாம்வே இருக்கு," என்றான்.

டூல்ரூமுக்குத் திரும்பியபோது பாஷா அன்று கடைந்த ஜாப் மேசை ஓரத்தில் இருந்தது. தங்கதுரை அதை எடுத்து, அளக்காமலே தேறிய ஜாப்களை வைக்கும் தட்டில் வைத்தான்.