சக்களத்திக்கு வந்த சீக்கு

கூடத்தில் நிற்கும் உப்புத்தண்ணீர் மீன்தொட்டிக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. புருஷன் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர். இடிக்கப்போகிற ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனபோது, வீட்டுக்காரர்கள் மீனும் பவளமுமாக அதை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். வண்டியிலிருந்து அது இறங்கிய அன்று அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நமக்கே காலை நீட்டிப் படுக்க இடமில்ல. இவளை எங்க குடி வைக்கப் போறீங்க?"

"சோறு கேக்க மாட்டா, சண்டை போட மாட்டா. வழியை விடு."

பிறகு அவளே அடங்கிப்போனாள். அதற்குக் காரணம் இருந்தது. பகலெல்லாம் வலது தோளில் இரும்புக் குழாய் சுமக்கிற மனுஷன் முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். நாலு கேள்வி கேட்டால் ஒரு 'ம்' வரும். தொட்டி வந்த பிறகு அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். மேஸ்திரி திட்டியது, கால் வைத்த பலகை புரண்டது, ஒரு கணம் உயிர் போய் வந்தது, எல்லாம் தொட்டியிடம்தான். அவள் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டு கேட்டுக்கொள்வாள். கட்டினவளிடம் வராத பேச்சு சக்களத்தி தயவில் வந்தது. வந்தவரைக்கும் லாபம்.

இப்போது சக்களத்திக்குச் சீக்கு.

தொட்டியின் நடுவில் குடைக்காரி இருந்தாள். அவர் வைத்த பெயர். தடித்த தோலோடு விரித்த குடை போல நிற்கும் பவளம். குடையின் மேலெல்லாம் குட்டி விரல்கள் நீண்டு தண்ணீரில் அசையும். அந்த விரல்கள் அத்தனையும் உள்ளே போய்விட்டன. குடை சுருங்கி, ஓரம் வெளுத்து, மேலே கோழை படிந்து கிடந்தது. பக்கத்துக் கல்லில் பொத்தான் பொத்தானாகப் பூத்திருந்த சின்னப் பவளங்களும் வாயை மூடிக்கொண்டன.

உப்பு பார்த்தார், சரி. சூடு பார்த்தார், சரி. விளக்கை உயர்த்தினார், தாழ்த்தினார். தொட்டிக்குப் பின்னால் அழுக்கை நுரையாகத் தள்ளி மேலே கிண்ணத்தில் சேர்க்கிற குழாய் ஒன்று உண்டு. அதிலும் நுரை சரியாக ஏறவில்லை. மோட்டார் தேய்ந்துவிட்டது என்று அதைக் கழற்றி மாட்டினார். வண்ணமீன் கடைக்காரர் போனில், "அது தோல் உரிக்கிற ஜாதிங்க. கையைக் காலை வெச்சிக்கிட்டு கொஞ்ச நாள் சும்மா இருங்க" என்றார். சும்மா இருக்கிற கையா அது? சாயங்காலமானால் தோள்வரை தண்ணீருக்குள் விட்டு, குடைக்காரியை நிழலுக்கு நகர்த்துவார், திருப்பி வைப்பார், கோழையைத் தள்ளிவிடுவார்.

கடைசியில் ஒருநாள் சொன்னார்: "இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். தேறலன்னா உயிரோட இருக்கிறதைக் கடைக்காரர்கிட்ட குடுத்துட்டுத் தொட்டியைக் கவுத்துடுவேன். என் கையில சாகிறதைப் பாத்துக்கிட்டு உக்கார என்னால முடியாது."

அவள் கணக்குப் போட்டாள். தொட்டி போனால் பேச்சும் போகும். மறுபடி சுவரும் முதுகும்தான்.

அந்த வாரமே தங்கச்சிக்குப் பிரசவம் என்று அவள் கிளம்ப வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது கதவைத் திறந்த மனுஷன் முகமெல்லாம் பல்லாக நின்றார். குடைக்காரி பாதி விரிந்திருந்தாள். அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் வந்த மறுநாளே குடை மூடிக்கொண்டது.

அவர் தொட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தொட்டியைப் பார்த்தார்.

"என்ன பார்வை?"

"ஒண்ணுமில்ல. நீ போன, பூத்துச்சு. நீ வந்த, மூடிக்கிச்சு."

"ஆமா, வந்ததும் வராததுமா விஷம் வெச்சேன்."

"கோவிச்சுக்காத. சலவைப் பட்டறையிலேர்ந்து வர்ற, துணியில அந்த வெள்ளைப்பொடி ஏதாவது ஒட்டியிருக்கும். தாளிக்கிற புகை வேற."

அவள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற பட்டறையில் வேலை செய்கிறவள். அன்று முதல் வெளியிலேயே உடை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். தாளிக்காமல் குழம்பு வைத்தாள். அதை அவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். குடைக்காரியும் வாயைத் திறக்கவில்லை.

கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், வழக்கம்போல் குளித்துவிட்டு வந்தவரின் வலது தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை, நரம்பு நரம்பாக அழுத்தி. கல்யாணமான நாளிலிருந்து அவள் கையால் நடக்கிற வைத்தியம் அது. எழுந்தவர் நேரே தொட்டிக்குப் போய்க் கையை உள்ளே விட்டார்.

"நாளைக்குப் போகப் போறவ. ஒரு தடவை நேரா நிக்க வெச்சிடுறேன்."

அவள் பார்வை பின்னால் இருந்த நுரைக்குழாயின் மேல் விழுந்தது. சற்றுமுன் வரை பொங்கிக்கொண்டிருந்த நுரை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று அடங்கியது.

இது அவள் அறிந்த சங்கதி. எலும்பு முறிவு வார்டிலிருந்து எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த துப்பட்டி வந்தால், இயந்திரத்தில் எத்தனை சோப்பைக் கொட்டினாலும் நுரை எழும்பாது.

"கையை வெளிய எடுங்க."

"இரு, நிமித்தி வெச்சி..."

"எடுங்கன்னா எடுங்க. நான் ஊர்ல இல்லாதப்ப உங்க தோளை யார் தேச்சா?"

"யாரு தேய்ப்பா? கையைத் தூக்கவே முடியல. தொட்டியில கையே வைக்கல."

அவர் தன் கையை மூக்கருகே கொண்டுபோனார். சொட்டுகிற உப்புத்தண்ணீரிலும் தைலம் கமகமவென்று மணந்தது. தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் அசைந்துகொண்டிருந்தது.

"அப்ப நாந்தான் தினமும்..."

"நீங்க பாதி, நான் பாதி. பழி மட்டும் முழுசா எனக்கு வந்துச்சு."

"தெரியாம சொல்லிட்டேம்மா." தலையைக் குனிந்துகொண்டார். "இனிமே தைலம் வேணாம். விடு."

"ஏன், தோளைக் கழட்டிப் போட்டுட்டு வேலைக்குப் போவீங்களா? முதல்ல அவளைப் பாருங்க, அப்புறம் நான் உங்களைப் பாக்குறேன். அவ்வளவுதான் விஷயம். இன்னைக்கு உங்க கை ஆகாது, நகருங்க."

பட்டறையில் கொடுத்த நீளமான ரப்பர் கையுறை, மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது. கையை வழுக்கல் போகக் கழுவி, அதை மாட்டி, வெறும் தண்ணீரில் அலசிக்கொண்டு வந்தாள். அவர் சொல்லச் சொல்ல, படலத்தைக் கிண்ணத்தால் மொண்டு வெளியே ஊற்றினாள். நுரைக்குழாய்க்குப் பக்கத்தில் எண்ணெயை உறிஞ்சும் கரித்துண்டுப் பையை இறக்கினாள். பழைய தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அவர் கரைத்து வைத்திருந்த புது உப்புத்தண்ணீரை ஊற்றினாள். கடைசியாகக் குடைக்காரியை அடியில் பிடித்து நிமிர்த்தினாள்.

"மெல்ல. அவளுக்கு வலிக்கும்."

"சக்களத்திக்கு நான் பிரசவம் பாக்க வேண்டியிருக்கு பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை குடைக்காரி பூக்கவில்லை. வெளுத்த ஓரம் வெளுத்தபடிதான் இருந்தது. ஆனால் தொட்டி கவிழவும் இல்லை. கடைக்காரருக்குப் போன் போகவும் இல்லை. அடுத்த வாரத்தில் ஒரு மாலை, குடையின் ஒரு பக்கத்தில் மட்டும் விரல்கள் எட்டிப் பார்த்தன.

அவர் குந்தி உட்கார்ந்து தொட்டியிடம் பேசிக்கொண்டிருந்தார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவ இல்லாத நாள்ல நீ பூத்தேன்னு ரொம்ப மிதப்பா இருக்காத. எனக்கு அந்த நாள்ல ஒரு வாய் சோறு எறங்கல. அவகிட்ட சொல்லிடாத."

கத்தி நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"பேசி முடிச்சாச்சுன்னா வாங்க," என்றாள் அவள், தைலப் புட்டியின் மூடியைத் திருகியபடி. "தோளைக் காட்டுங்க."