தலையாட்டாதவள்

ஆனையூரில் பஸ் ஏறியதிலிருந்து காளவாசலில் இறங்கும்வரை ரெங்கம்மாள் மகளுக்குச் சைகையில் ஒரே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டு வந்தாள்: என்ன கேட்டாலும் தலையை ஆட்டு. மகள் அன்னக்கொடிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பசுமலையில் ஒரு வருஷம் தையல் பயிற்சி முடித்திருந்தாள். இந்த ரெடிமேட் கம்பெனியும் கைவிட்டால் பழையபடி களையெடுக்கத்தான் போக வேண்டும்.

சூப்பர்வைசர் சீதாராமன் வாயைத் திறக்குமுன்னே ரெங்கம்மாள் முந்திக்கொண்டாள். "எம்புட்டுத் துணி குடுத்தாலும் தைப்பாய்யா. ஒருக்காச் சொன்னாப் போதும்."

"உங்களையா வேலைக்கு எடுக்கப்போறேன்? சித்த சும்மா இருங்கோ."

பள்ளிக்கூடச் சட்டைகள். பாக்கெட்டுக்கு மூடி வைக்க வேண்டும் என்று அன்னக்கொடிக்கும் பக்கத்து மிஷின் முருகம்மாளுக்கும் சேர்த்தே மடமடவென்று சொன்னார். வாய் நிறைய வெற்றிலை வேறு, உதட்டைப் பார்த்தும் பிடிபடாது. "சரி சார்" என்று முருகம்மாள் தலையாட்டிவிட்டு மிஷினை மிதித்தாள். அன்னக்கொடி இல்லை என்று தலையசைத்தாள்.

அடிப்பாவி, காரியத்தைக் கெடுத்தாளே! ரெங்கம்மாள் மகளை நறுக்கென்று கிள்ளினாள். மகளோ அந்தக் கையைத் தட்டிவிட்டு, துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்துச் சீதாராமனிடம் நீட்டினாள். புரியாததற்குத் தலையாட்டாதே, வரைந்து காட்டச் சொல் என்று பசுமலை டீச்சர் ஸ்யாமளா வருஷம் முழுக்கப் பழக்கியதைத்தான் ரெங்கம்மாள் வழியெல்லாம் அழித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"வந்ததும் வராததுமா எனக்கே வேலை வைக்கறாளே!" முணுமுணுத்தபடி அவர் மூடியை வரைந்தார்.

ஒரு மணி நேரத்தில் அன்னக்கொடி மூன்று பாக்கெட் தைத்தாள். முருகம்மாள் ஆறு தைத்தாள். ஆறிலும் மூடி இல்லை.

"புரியலேன்னா கேக்கப்படாதா?"

"கேட்டா வைவீகளே சார்."

சீதாராமன் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு ரெங்கம்மாளிடம் வந்தார். "பொண்ணு இருக்கட்டும், சாயங்காலம் வந்துடுவா. நாளையிலேர்ந்து நீங்க அவகூட வரவேண்டாம். எதுன்னாலும் அவகிட்டயே கேட்டுக்கறேன்."

ரெங்கம்மாளுக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியோ, ரேஷன் கடையோ, பெண் பார்க்க வந்தவர்களோ, இருபது வருஷமாக மகளுக்கு இவள்தான் வாய். அவளிடமே கேட்கிறேன் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். போறேன் என்று சொல்ல வேண்டும். கூப்பிட்டால் கேட்காது. தோளைத் தொட்டால் தையல் கோணிவிடும். நிமிர்வாளா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள், அன்னக்கொடி நிமிரவில்லை.

மகளிடம் சொல்லாமலே ரெங்கம்மாள் பஸ்ஸுக்கு நடந்தாள்.