மெடலுக்கு ஒரு சட்டை

1984 பிப்ரவரி 9 காலை, திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஒரு விடுதியின் வாசலில் காவலாளி சகாதேவன் இறந்துகிடந்தார். வயது நாற்பத்தொன்று.

மதியம் அடி அண்ணாமலை வீட்டில் உடலைக் குளிப்பாட்டினார்கள். கழற்றிவைத்த காக்கிச் சட்டையைத் தம்பி ராஜேந்திரன் உதறி எடுத்தான். அதில் பதக்கம் தொங்கியது. எழுபத்தொன்றாம் ஆண்டு பாகிஸ்தான் யுத்தத்தில் கிழக்கு எல்லையில் போரிட்டதற்குக் கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கட்டும் என்று விடுதி முதலாளி அதைத் தினமும் குத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

“இதையே போட்டுடலாம் அண்ணி. மிலிட்டரிக்காரரு, யூனிபார்ம்லயே போவட்டும்.”

“அது வாட்ச்மேன் சட்டை,” என்றாள் சரோஜா.

“காக்கிதானே, யாரு பாக்கப் போறாங்க?”

“மிலிட்டரி சட்டை பச்சை. பதினஞ்சு வருஷம் அதுலதான் இருந்தாரு. அதுலதான் போவணும்.”

“அப்ப அத எடுங்க.”

சரோஜா அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போகும்போது, வெயிலுக்கு ஆகும் என்று அவர்தான் அந்தப் பச்சைச் சட்டையை அவளுக்குப் போட்டுவிட்டார். மூன்று அறுவடையில் முதுகு கிழிந்தது. “பாகிஸ்தான்காரனால கிழிக்க முடியாத சட்டைடி, நீ கிழிச்சிட்டியே” என்று வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு அது அடுப்படித் துணியானது.

“இல்லப்பா,” என்றாள்.

விடுதி மேனேஜர் மாலை போட்டுவிட்டு, போகாமல் நின்றார். “சட்டை மொதலாளி தெச்சுக் குடுத்தது. இப்ப இல்லன்னாலும், அப்புறமா...”

“சாவு வூட்ல கேக்குறதாய்யா இது? உங்க மொதலாளி கோவணத்தையும் கணக்குல வெச்சிருக்காரா?” என்று ராஜேந்திரன் பாய்ந்தான்.

“குடுத்துடு ராஜேந்திரா. அது அவருது இல்ல.”

அவளே பதக்கத்தைக் கழற்றிவிட்டுச் சட்டையை மடித்துக் கொடுத்தாள்.

உடலின் மேல் போர்த்திய கோடித் துணியில் ராஜேந்திரன் பதக்கத்தை வைத்தான். பாடையைத் தூக்கியதும் அது சரிந்து மண்ணில் விழுந்தது. பாடை சுமந்த ஆண்களுக்குக் குனிந்து எடுக்கக் கை ஒழியவில்லை. சரோஜா எடுத்தாள். பறைச் சத்தத்தோடு தெருமுனை வரை வந்தாள். அதற்கு மேல் பெண்கள் போகக் கூடாது.

திங்கட்கிழமை விடுதிக்குப் புதுக் காவலாளி வந்தார். அந்தக் காக்கிச் சட்டை அவருக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.