கதவோரத்து இருக்கை

1

இந்தக் கதைக்குக் காரணம் என் குற்றவுணர்ச்சி. 'சமூக அக்கறை' என்று எழுதத்தான் கை போனது, அடித்துவிட்டேன்.

அக்டோபர். ஆறு உறைந்துகொண்டிருந்தது. படகு போகாது, ஆறு இறுகினால் அதன்மேல் போடும் பனிச்சாலை இன்னும் பிறக்கவில்லை. ஊருக்கு வழி வானம் மட்டும். அரசு முதலில் எதைச் செய்யவேண்டும் என்று எங்களிடமே கேட்டுப்போக, எங்கள் வடபகுதியின் தலைநகர் யெல்லோநைஃபிலிருந்து மெரிடித் என்ற அதிகாரி தனி விமானத்தில் வந்தார். ஆளுக்கு ஐந்து பச்சை ஸ்டிக்கர் பொட்டு. சுவரில் வீடு, சாலை, மருத்துவம், இணையம் என்று அட்டைகள். வேண்டியதில் ஒட்டலாம்.

(என் ஐந்தையும் இணையத்தில் ஒட்டினேன். பள்ளிக்கூட வாத்தியாரும் படம் பார்க்க வேண்டாமா?)

2

முதல் வரைவு: "வடதுருவக் காற்றின் ஓலத்தில்..." சகிக்கவில்லை.

இரண்டாவது: "இசிடோர் ஒரு முட்டாள்." பொய். அவன் மனைவி டெல்ஃபீனுக்கு எட்டாம் மாதம். கால் வீக்கம், காலையிலிருந்து தலைவலி. ஊர் நர்ஸ் போய் ஆறு வாரமாகிறது. மாற்று ஆள் வரவில்லை. தொலைபேசி நர்ஸ், "அடுத்த விமானத்துல ஏத்திடுங்க, தள்ளிப்போடாதீங்க" என்றாள். அடுத்த விமானம் வியாழக்கிழமை. அன்று திங்கள். ஓடுதளத்தில் நின்ற மெரிடித்தின் விமானத்திலோ ஆறு இருக்கைகள், வந்தவர் ஒருவர்.

கேட்டால் தீர்ந்தது. ஆனால் இங்கே பூர்வகுடிகளான டெனே மக்கள் விருந்தாளியிடம் அவர் பொருளை வாய்விட்டுக் கேட்பதில்லை. தேவையைக் காட்டுவார்கள், கண்டவர் தாமே கொடுப்பார். வாய்விட்டுக் கேட்கவைத்தால் கொடுக்கவேண்டியவருக்கு அவமானம்.

3

கூட்டத்து விருந்தில் மெரிடித்திடம் மூஸ் மான் இறைச்சிக் குழம்பை நீட்டியபடி இசிடோர் ஆரம்பித்தான்.

"விமானத்துல எடம் தாராளமா இருக்கும் போல."

"ஆமாங்க, காலை நீட்டிக்கிட்டு வந்தேன்!" என்றார் மெரிடித்.

"என் வீட்டுக்காரிக்குத் தலவலி. காலு வேற வீங்கிப்போச்சு."

"அடடா! அப்ப மருத்துவ அட்டையில ஒட்டுங்க. அதுக்குத்தானே வந்திருக்கோம்!"

டெல்ஃபீனின் சித்தி ரோசாலி அவனை மூலைக்கு இழுத்தாள். "ஏன் மாப்ளே, தொண்டையில மீன் முள்ளா? கேளேன்!"

"நீங்களே கேக்கறதுதானே அத்தே."

"நானா? எங்கம்மா என்னை அப்படியா வளத்தா?"

(நான் வெளியூர்க்காரன், கேட்டிருக்கலாம். பதினோரு வருஷத்தில் கேட்காமலிருக்கக் கற்றதுதான் என் ஒரே சாதனை. அதை அன்றைக்கா காட்டவேண்டும்?)

4

மூடுபனி இறங்கத் தொடங்கியதும் கூட்டம் கலைந்தது. உதவுவதுபோல் இசிடோர் மெரிடித்தின் பையைத் தூக்கிப்போய் விமானத்தில் வைத்தான். அப்படியே, ஒட்டாமல் வைத்திருந்த ஐந்து பொட்டுகளையும் கதவோரத்து இருக்கையில் ஒட்டிவிட்டு இறங்கினான். டெல்ஃபீன் துணிப்பையோடு ஓடுதள விளிம்பில் நின்றாள். அட்டைகள் அடங்கிய பெட்டியைச் சுமந்துகொண்டு மெரிடித் படியேறினார்.

முடிவு அ: அவர் பொட்டுகளைப் பார்க்கிறார், கண்கலங்குகிறார், கைநீட்டுகிறார். சினிமா. அடித்தாயிற்று.

முடிவு ஆ: விமானம் கிளம்புகிறது. புதன்கிழமை விடியும்போது டெல்ஃபீனுக்கு—

இல்லை. இதை எழுதமாட்டேன்.

5

நடந்தது எனக்குத் தெரியும். சொன்னால் ஒரு பெருமூச்சோடு புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அதனால் மெரிடித்தைக் கதையிலிருந்து இறக்கிவிட்டேன்.

பெட்டி இப்போது உங்கள் கையில். கனம்தான். விமானி அவசரப்படுத்துகிறான். வைக்கத் தோதான இடம் கதவோரத்து இருக்கை; அதில் ஐந்து பச்சைப் பொட்டு. திரும்பிப் பார்த்தால் கீழே ஒருத்தி, துணிப்பையை வயிற்றோடு அணைத்தபடி.

அவள் கேட்கமாட்டாள்.