விடுபட்ட ஆண்டு

மற்றப் பெண்கள் அடுத்தவளின் நகையைப் பார்த்தும் வீட்டைப் பார்த்தும் பொறாமைப்படுவார்கள். நான் செத்துப்போன ஒரு மனிதனின் பெயரைப் பார்த்து வயிறெரிந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேற்கு லண்டனில், உக்ரேனியர்களின் மண்டபம் ஒன்றில் 1989 முதல் துப்புரவு வேலை செய்தேன். சுவர் முழுக்கப் பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றும் இறந்த ஒருவரின் பெயரில் அவர் குடும்பம் வைத்த நினைவு நிதி. வைப்புப் பணத்தில் கைவைக்க மாட்டார்கள். அதன் வட்டியில்தான் சனிக்கிழமைப் பள்ளிக்கூடமும் பாட்டுக் குழுவும் நடந்தன. நவம்பரில், பஞ்சத்தில் மாண்டவர்களை நினைவுகூரும் நாளில், தகட்டிலுள்ள பெயர்களையும் உரக்க வாசிப்பார்கள். எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

ஒல்ஹா என்ற விதவைக்கு அங்கே இரண்டு தகடுகள்! கணவனுக்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று. பெயர் வாசிக்கும்போது தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கணவர் பெனடிக்ற்றை 1985இல் மன்னாரில், எங்கள் வீட்டு வாசலில் வைத்து இராணுவத்தினர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஹவுன்ஸ்லோவில் இருக்கும் அவருடைய தங்கை டொலறஸ், இறந்தவர்களுக்காகக் கோயிலில் வைக்கும் ஆத்துமப் பூசைக்கு அவர் பெயரைக் கொடுக்கச் சொல்லி வருடாவருடம் நச்சரிப்பாள். கொடுத்தால் நானே அவரைச் சாகடித்தது போலாகிவிடும். கொடுக்காவிட்டாலோ, அவர் பெயரை இந்த உலகத்தில் யார் உரக்கச் சொல்லப்போகிறார்கள்?

அந்த எரிச்சலில் எல்லாத் தகடுகளையும் பளபளவென்று மினுக்கிவிட்டு, ஒல்ஹாவின் இரண்டிலும் மட்டும் பெருவிரலை அழுத்தி அடையாளம் வைத்துவிட்டுப் போவேன்.

1992 நவம்பரில்தான் அந்தத் தகப்பனின் தகட்டில் ஒரு பிழையைக் கண்டேன். பிறந்த ஆண்டு 1899. அடுத்து ஒரு சின்னக் கோடு. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. நான் மூன்று வருடமாக விரலை அழுத்திவந்த இடம் அதுதான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஒல்ஹா உள்ளே வந்ததும் ஓடிப்போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

“உங்கள் அப்பாவின் தகட்டில் இறந்த வருடத்தை விட்டுவிட்டார்கள்.”

அவள் கைக்குட்டையை எடுத்து என் விரல் அடையாளத்தைத் துடைத்தாள்.

“மறந்துபோய் விட்டதல்ல. முப்பத்தேழில் சோவியத் பொலிஸார் அவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. வருடத்தை எழுதினால் நானே கொன்றதாகிவிடும் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆனால் பெயரை வாசிக்கத்தான் வேண்டும் என்றாள். இந்த நிதியை வைத்ததே அவள்தான்.”

“உங்கள் அம்மா எத்தனை வருடம் காத்திருந்தார்?”

“நாற்பத்தொரு வருடம். சாகும்வரை.”

முகம் தெரியாத அந்தக் கிழவியின்மேலும் பொறாமை வந்தது. ஏழு வருடமாக எனக்குப் புலப்படாத வழி அவளுக்குப் புலப்பட்டிருக்கிறதே!

வேலை முடிந்ததும் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து டொலறஸை அழைத்தேன்.

“உன்ர அண்ணையின்ர பேரைப் பூசைக்குக் குடு.”

மறுமுனையில் அவள் விம்முவது கேட்டது.

“அழாதை. ஆத்துமாவுக்கெண்டு மட்டும் சொல்லிப்போடாதை. பேரைச் சத்தமா வாசிச்சால் காணும். நான் எழும்பி நிப்பன்.”