புள்ளியில்லாத கேள்விக்குறி

பிலிப்பைன்ஸில், மணிலாவை ஒட்டிய கெசோன் சிட்டியில், துணி வெளுக்கும் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கணினியைப் பேச வைப்பது எங்கள் தொழில். எழுதியதைக் கொடுத்தால் மனிதக் குரலில் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த வருஷம் தெற்கே பதங்காஸ் மாகாணத்துப் பக்கத்திலிருந்து ஒரு வினிகர் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. அதன் முதலாளியம்மா ஆலிங் பூரிங். வாடிக்கையாளர்கள் போன் செய்தால் ஒரு குரல் சமையல் குறிப்பு சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை.

முதல் முறை போட்டுக் காட்டியபோது அந்த அம்மா முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரல் கணீரென்று ஆரம்பித்தது. "கோழித்துண்டுகளைக் கழுவி, அரைக் கோப்பை வாந்தி ஊற்றி ஊற வையுங்கள்."

தகாலோக் மொழியில் வினிகரும் 'சூக்கா'தான், வாந்தியும் 'சூக்கா'தான். எழுத்தில் இம்மியும் வித்தியாசம் கிடையாது. வினிகரைச் சொல்லும்போது மட்டும் கடைசியில், விக்கல் வரப்போய் நின்றுவிட்டதுபோல, தொண்டை சட்டென்று அடைத்துக்கொள்ளும். எங்கள் கணினிக்குத் தொண்டை ஏது?

ஆலிங் பூரிங் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார். "ரொம்ப நாளாச்சு இப்படிச் சிரிச்சு. இதைச் சரி பண்ணாம மட்டும் என் முன்னால வந்துடாதீங்க."

எங்கள் குழுவில் மொழியியல் படித்தவன் பயானி. பல்கலைக்கழகத்தை விட்டு வந்து அதிக நாள் ஆகாத பையன். வாயைத் திறந்தால் மூடமாட்டான். "எழுத்தை நம்பினா இப்படித்தான். ஒவ்வொரு வார்த்தையையும் ஒலியெழுத்துல எழுதணும். காதுல விழுறது எதுவோ அது மட்டும். ரெண்டு பேர் தனித்தனியா எழுதி ஒத்துப் பார்க்கணும். ஒருத்தன் நான். இன்னொருத்தர்?"

எல்லோரும் தலிசாயைப் பார்த்தோம். நாற்பதைத் தாண்டியவள். எங்களிடம் நிரல் எழுத வருமுன் வெகுகாலம் கால்சென்டரில் இருந்தவள். அமெரிக்காக்காரனோடு அமெரிக்காக்காரியாகவும் ஆஸ்திரேலியாக்காரனோடு அவனைப் போலவும் பேசுவாள். காது அப்படி.

"என்னை ஏண்டா பார்க்குறீங்க? எனக்கு அந்தப் புழு நெளியிற எழுத்தெல்லாம் வராது."

"வரும், ஆத்தே," என்றான் பயானி. அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதன்முதலில் கேட்டபோது, யாரோ பதறிப்போய்க் கத்துகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

ஒலியெழுத்து அட்டவணை அவள் மேசைக்கு எதிரே சுவரில் ஏறியது. சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு நாக்கு எங்கே தொடுகிறது என்று பார்ப்பாள். தொண்டையில் இரண்டு விரலை வைத்து அதிர்கிறதா என்று பார்ப்பாள். ஒருநாள் ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில் இப்படிச் செய்துகொண்டு வந்தபோது பக்கத்தில் இருந்த பெண்மணி பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாராம். வாங்கிக் குடித்துவிட்டு நன்றி சொன்னாளாம்.

நான் ஒருவன்தான் அங்கே தமிழன். நம் 'ழ'வுக்கு அந்த எழுத்துமுறையில் தலைகீழாகக் கவிழ்த்த ஒரு ஆர், அதற்கு ஒரு வால். தலிசாய் என்னை நிறுத்தி வைத்து "பழம், வாழை, மழை" என்று சொல்லச் சொல்லி, என் வாய்க்குள்ளேயே டார்ச் அடித்துப் பார்த்தாள். "உன் நாக்கு என்ன, ஜிலேபியா?" என்று கேட்டாள். அந்த வாரத்திலேயே 'ழ' அவளுக்கு வந்துவிட்டது. என் மனைவிக்கே அது சரியாக வராது.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது தொண்டை அடைப்புக்கு வைத்த குறி. பார்க்கக் கேள்விக்குறி மாதிரி, ஆனால் கீழே புள்ளி இருக்காது: ʔ. "இத்தனை வருஷமா நாம சொல்லிக்கிட்டே இருந்திருக்கோம், எழுதுறதுக்கு ஒரு எழுத்துகூட வெச்சுக்கலையே," என்று அதைப் பெரிதாக வரைந்து திரைக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

இருவரும் எழுதி முடித்தார்கள். ஒத்துப் பார்க்கும் நிரலை ஓடவிட்டோம். திரை முழுக்கச் சிவப்பு. பயானி நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"ஆத்தே, அந்தக் குறி உங்களுக்குப் பிடிக்கும்தான். அதுக்காகக் கண்ட இடத்துல எல்லாம் போடலாமா? 'மத்தமிஸ்'னா இனிப்பு. நீங்க என்ன எழுதியிருக்கீங்க பாருங்க. 'மத்தம்', அங்க ஒரு அடைப்பு, அப்புறம் 'இஸ்'. ராத்திரிக்கு 'கபி'. அங்கயும் நடுவுல ஒண்ணு, 'கப்-இ'யாம். யாரு இப்படிப் பேசுறா?"

தலிசாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். கீழேயிருந்து சோப்பு வாசனை வந்தது.

"எங்க ஊர்ல பேசுவாங்க," என்றாள், வெளியே பார்த்தபடி.

நாங்கள் எல்லோரும் அவளை மணிலாக்காரி என்றே நினைத்திருந்தோம். பிறந்து வளர்ந்தது பதங்காஸில், தாஆல் என்ற ஊரில். முதல் வேலையில் அவள் வாயைத் திறந்தாலே பின்னாலிருந்து "அலா ஏ!" என்று ராகம் போடுவார்களாம். அது பதங்காஸ்காரர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் சொல். ஒவ்வொரு வார்த்தையாகத் தேய்த்து, அந்தப் பேச்சை நாக்கிலிருந்து எடுத்துவிட்டேன் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். காதுக்குள்ளே அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்று இந்த எழுத்து அல்லவா காட்டிக்கொடுத்துவிட்டது!

பயானிக்குக் கண் விரிந்தது. "ஆத்தே! இது தப்பே இல்ல. அந்த நடு அடைப்பு முன்னாடி எல்லா இடத்துலயும் இருந்தது. மணிலாக்காரங்க நாங்கதான் தொலைச்சிட்டோம். இன்னொரு தடவை சொல்லுங்களேன், 'கப்-இ'."

"சொல்ல மாட்டேன்."

"ஒரே ஒரு தடவை."

"டேய், அதைத் தொலைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உனக்கு வேடிக்கையா இருக்கா?"

அவன் வாயை மூடியதை அன்றுதான் பார்த்தேன். வெளியே போனவன் வாழைப்பழத்தைச் சுருட்டிப் பொரித்த துரோன் ஒரு பொட்டலம் வாங்கி வந்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனான். அவளும் பேசாமல் தின்றாள். அவள் எழுதியதை ஒதுக்கி வைத்துவிட்டு, பயானி எழுதியதைக் கணினிக்குக் கொடுத்தோம்.

வினிகர் இப்போது வினிகராகவே ஒலித்தது. ஆலிங் பூரிங்குக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, முழுக் குறிப்பையும் கேட்க வைத்தோம். 

"வினிகர் சரியாயிடுச்சு," என்றார். "ஆனா யாரு இந்தப் பொண்ணு? அடுப்பையே பார்க்காதவ மாதிரி பேசுது. எங்க ஊர்க்காரன் இதைக் கேட்டா, ராங் நம்பர்னு வெச்சுடுவான்."

 பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அலா ஏ, அப்ப நம்ம ஊருப் பேச்சையே போட்டுடுவோம்ங்க!"

சொல்லிவிட்டுத் தலிசாய் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"யாரது? எந்த ஊரும்மா நீ?"

"தாஆல்."

"தாஆல்ல யாரு வீடு?"

அதற்கப்புறம் நாங்கள் அந்த அறையில் இருந்ததாகவே இருவரும் நினைக்கவில்லை. மகதங்காய் குடும்பமா, சர்ச்சுக்குப் பின்னால் வீடா, அந்தப் பக்கம் சித்தி ஒருத்தி இருந்தாளே என்று போய்க்கொண்டே இருந்தது. போனை வைத்தபோது தலிசாய்க்குக் காது சிவந்திருந்தது. "நான்தான் படிக்கணுமாம்," என்றாள்.

குரல் பதியும் அறையில் வேறு வம்பு. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவள் நாக்கு கால்சென்டருக்குப் போய்விட்டது. எழுதியிருப்பது 'மத்தம்-இஸ்', வாயில் வருவது 'மத்தமிஸ்'. வேண்டுமென்றே அடைத்துச் சொன்னால், நாடகத்தில் விக்கல் எடுப்பதுபோல் இருந்தது. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் பயானி தலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆத்தே, ஊர்ல யார்கிட்ட ரொம்பப் பேசுவீங்க?"

"தங்கச்சி லூமென். பேச மாட்டோம், சண்டைதான்."

"அவங்களுக்குப் போடுங்க."

லூமெனுக்குப் போன் போய்ச் சேர்ந்தது. முதலில் நலம் விசாரிப்பு. பிறகு, தலிசாயின் நீல கவுனைப் பூவிழா ஊர்வலத்துக்கு யாரோ பெரியப்பா மகளுக்குக் கொடுத்துவிட்ட விஷயத்தை லூமென் மெதுவாகச் சொன்னாள்.

"கொடுத்துட்டியா? அலா ஏ, யாரைக் கேட்டுடி கொடுத்த? அவ உடம்புக்கு அது எப்படி ஏறும்?"

"ஏறல. பக்கத்துல கிழிச்சுத்தான் போட்டுக்கிட்டா. நீ என்ன, வருஷா வருஷம் வந்து போட்டுக்கவா போற?"

அதற்கு மேல் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அடைப்புகள் எல்லாம் பட்டாசு மாதிரி வெடித்தன. பயானி துள்ளிக் குதித்து, குறிப்புக் காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, படி படி என்று சைகை காட்டினான். போனை வைத்த சூட்டோடு தலிசாய் படிக்க ஆரம்பித்தாள். பூண்டை நசுக்கச் சொன்னவிதத்தில் எனக்கே கை தானாக மேசைமேல் குத்தியது.

அந்தக் குரலையும் அவள் எழுதிய ஒலியெழுத்தையும் சேர்த்துக் கணினிக்குப் புகட்டினோம். வந்த குரலுக்கு லேசான கோபம் இருந்தது. எவ்வளவு முயன்றும் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. பயந்துகொண்டே ஆலிங் பூரிங்குக்குப் போட்டுக் காட்டினோம்.

"இதுல கையை வெச்சீங்க, தெரியும் சேதி," என்றார் அவர். "எங்க அம்மா இப்படித்தான் சொல்லிக் கொடுப்பா. வெங்காயம் போடுன்னா அதட்டித்தான் சொல்லுவா."

போன் சேவை பிய்த்துக்கொண்டு போனது. சமைக்கத் தெரிந்தவர்கள்கூடத் திட்டு வாங்குவதற்காகவே கூப்பிட்டார்கள். சிலர் பதிலுக்குச் சண்டை போட்டார்கள்: "மிளகை முதல்ல போடக்கூடாதுடி!" லூமெனும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, "சொந்தத் தங்கச்சியைத் திட்டினது போதாதுன்னு ஊரையே திட்டுறியா?" என்று கேட்டாளாம்.

தலிசாய் அதற்குப் பிறகு அலுவலகத்திலும் ஊர்ப்பேச்சுதான். புதிதாக வந்த பெண் ஒருத்தி ஒருமுறை கிளுக்கென்று சிரித்தாள். தலிசாய் அவளை உட்கார வைத்து, "கப்-இ" என்று சொல்லச் சொல்லி, சரியாக வரும்வரை விடவில்லை. வந்ததும் அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த கோடையில் மரிந்துக்கே தீவிலிருந்து ஒரு வானொலி நிலையம் தங்களுக்கும் இப்படி ஒரு குரல் வேண்டும் என்று எழுதியது. அங்கே பேசுகிற தகாலோக் இன்னும் வேறு மாதிரி. தீவுக்குக் கப்பல் பிடிக்க நாங்கள் மூவரும் லூசெனா துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பயானி இரண்டு தோளிலும் பையைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தான். அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு தீவுக்காரம்மாவிடம் தலிசாய் நின்றுவிட்டாள். அந்த அம்மா எதையோ சொல்ல, இவள் அதையே திருப்பிச் சொல்லி, தலையை ஆட்டி, இன்னொரு தடவை கேட்டாள். விரல் இரண்டும் தொண்டையில் இருந்தன. கடலைக்கார அம்மாவும் தன் தொண்டையில் விரலை வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

கப்பல் சங்கு ஊதியது. "ஆத்தே! கிளம்பப் போறான்!" என்று பயானி கத்தினான்.

"இருடா, இந்த ஒலிக்கு என்ன குறின்னே தெரியல," என்று அவள் அங்கிருந்தே பதிலுக்குக் கத்தினாள்.

அவன் பைகளைக் கீழே போட்டுவிட்டு, பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு அவளை நோக்கி ஓடினான்.